கூடுவாஞ்சேரி நெசவாளியும் முதுகலைப் பட்டமும்

"தன்னை அறியிறதுக்கு எம்.ஏ. படிக்கணுமாக்கும்?"

வடுகபட்டி பூண்டு மண்டியில நின்னு யார்கிட்ட பேச்சுக் கொடுத்தாலும் இப்படித்தான் கேப்பாங்க. கேட்டுட்டுச் சிரிப்பாங்க. நியாயமான சிரிப்புதான். ஆனா அதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல நீளுற ஒரு கதை இருக்கு. ஆன்மிகமும் மனசும் சேர்ந்த படிப்பு பல்கலைக்கழகத்துக்குள்ள எப்படி வந்துச்சுங்கிற கதை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்கா :-)

சைக்காலஜிங்கிற வார்த்தையில இருக்குற 'சைக்கி'க்கு கிரேக்கத்துல உயிர், ஆன்மான்னு அர்த்தம். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துல வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் வச்சப்போ அது ஒரு தனி அறிவியல் ஆச்சு. 1913-ல் அமெரிக்காவுல ஜான் வாட்சன் வந்து, மனசையே பேசாதீங்க, கண்ணுக்குத் தெரியுற நடத்தையை மட்டும் அளங்கன்னுட்டார். ஆன்மா தன் பேர்ல இருந்த வீட்டை விட்டே வெளியேத்தப்பட்டுச்சு.

நம்ம நாட்டுக்கு இந்தப் படிப்பு வந்தது 1916-ல், கல்கத்தா பல்கலைக்கழகத்துல. பொறுப்பேத்த என்.என். சென்குப்தா ஹார்வர்டில் படிச்சவர். சென்னைப் பல்கலைக்கழகத்துல 1943-ல் ஜி.டி. போவாஸ் துறையைத் தொடங்கினார். ஆய்வுக்கூடமும் பாடப்புத்தகமும் பெரும்பாலும் மேற்கே இருந்து வந்தவைதான்.

இதே காலத்துல நம்ம பக்கம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1896-ல் மதுரையில பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் ஆங்கில இலக்கணப் பாடத்தை ஓரமா வச்சிட்டு திருவண்ணாமலைக்கு ரயிலேறிட்டான். அவர்தான் ரமணர். அடுத்த சில வருஷங்கள்ல, 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளைங்கிற வருவாய்த் துறை அலுவலர் அவரைத் தேடிப் போனார். பிள்ளை கல்லூரியில தத்துவம் படிச்ச பட்டதாரி. படிச்ச படிப்புல கிடைக்காத ஒரு கேள்விக்கு, பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட இளைஞர்கிட்ட பதில் கேட்டார். ரமணர் அப்ப மௌனத்துல இருந்ததால எழுதித்தான் காமிச்சார். பிற்பாடு 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகமா வந்தது அதுதான். பட்டம் வாங்கினவர் மாணவர், வாங்காதவர் ஆசிரியர்!

அடுத்தவர் நம்ம கதையின் நாயகர். 1911 ஆகஸ்ட் 14-ல் கூடுவாஞ்சேரியில ஒரு நெசவாளி குடும்பத்துல பிறந்த வேதாத்திரி மகரிஷி. பள்ளிப் படிப்பு மூணாம் வகுப்போட சரி. தறி ஓட்டினார், குமாஸ்தா வேலை பார்த்தார், சித்த ஆயுர்வேதம் கத்துக்கிட்டார், துணி வியாபாரம் செஞ்சார். குடும்பத்துல இருந்துக்கிட்டே பரஞ்சோதி மகான் வழியில குண்டலினி யோகம் பழகினார். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கம் தொடங்கினார். பொள்ளாச்சி பக்கம் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006 மார்ச் 28-ல் மறைஞ்சார்.

அவரோட மனவளக்கலையில தவமும் உடற்பயிற்சியும் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடிச்சது அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியா நான் யார். இதுல கண்ணை மூடுறதை விட பேனா பிடிக்கிற வேலை அதிகம். யார் யார் மேல கோவம்னு பட்டியல் போடணும். கவலைகளை எழுதி நாலா பிரிக்கணும்: அனுபவிச்சே தீர்க்க வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியப்படுத்த வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது.

எங்க ஊர்க் கணக்குல சொல்லணும்னா, அப்பாவோட மூட்டு வலி முதல் வகை. ஏழாவது படிக்கிற மக கல்யாணம் ரெண்டாவது. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு மூணாவது. பேங்குக் கடன் தவணை நாலாவது. கிட்டத்தட்ட 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் நோயாளிகளை எண்ணங்களை எழுதிப் பார்க்கச் சொன்ன மாதிரிதான். ரெண்டும் வேற வேற வேர், ஆனா பேனாவும் தாளும் ஒண்ணுதான்.

அந்த அறுபதுகளின் கடைசியிலதான் மேற்கேயும் காத்து திரும்புச்சு. ஆபிரகாம் மாஸ்லோ போன்றவங்க, மனுசனோட உச்ச அனுபவங்களையும் உளவியல் பேசணும்னாங்க. 1969-ல் அதுக்குன்னு ஒரு ஆய்விதழ் வந்துச்சு, 1975-ல் கலிஃபோர்னியாவுல ஒரு கல்வி நிறுவனமே வந்துச்சு. 2002-ல் புதுச்சேரியில கூடின இந்திய உளவியலாளர்கள், இந்த மண்ணுக்குன்னு ஓர் உளவியல் வேணும்னு அறிக்கையே விட்டாங்க. ஆழியாறு சங்கமும் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும் சேர்ந்து 'யோகா ஃபார் ஹியூமன் எக்ஸலன்ஸ்' என்ற பேர்ல பட்டயம், முதுகலைப் படிப்புகளைக் கொண்டு வந்தாங்க. மூணாம் வகுப்பு படிச்சவரோட பாடத்துல எம்.ஏ.!

சரி, பட்டம் எதைக் கூட்டுச்சு?

மண்டியில கணக்கு எழுதுற அண்ணன் ஒருத்தர் ஐம்பதை நெருங்குற வயசுல இந்த மாதிரிப் படிப்புல சேர்ந்தார். "எதுக்குண்ணே இப்ப?"ன்னேன். "தியானம் பண்றேன்னா வீட்ல காய்கறி வாங்கப் போகச் சொல்றாங்கப்பா. பரீட்சைக்குப் படிக்கிறேன்னா கதவைச் சாத்திவிட்டுப் போறாங்க"ன்னார். சிரிச்சாலும் விஷயம் அதுதான். தனக்குன்னு ஒரு மணி நேரம் ஒதுக்குறதை நம்ம வீடுகள் சோம்பேறித்தனம்னு சொல்லும். அதையே படிப்புன்னா மதிக்கும். பட்டம் தர்ற முதல் லாபம் அந்த நேரம்.

எல்லை எங்கேன்னா, கோவப்பட்டியல் போட்டவன் உண்மையில கோவத்தைக் குறைச்சானான்னு மூணு மணி நேரத் தேர்வு சொல்லாது. அந்த விடைத்தாளைத் திருத்த வேண்டியது அவன் பொண்டாட்டி புள்ளைங்கதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொண்ணு. தன் மனசைச் சீர் பண்ணப் படிச்சவர், அடுத்தவர் மனநோயைத் தீர்க்கக் கிளம்புறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில சங்கிலியில கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில கருகினதை மறந்துட முடியாது. சிகிச்சை கிடைக்க வேண்டியவங்களை நம்பிக்கையோட மட்டும் விட்டுட்டதோட விலை அது. மருத்துவ உளவியலாளரா தொழில் பண்ண, 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேணும். 2025-ல் உளவியல் படிப்பைத் தொலைநிலையில நடத்தக் கூடாதுன்னே யு.ஜி.சி. சொல்லிருச்சு. வளர்ச்சிக்கான படிப்பு வேற, வைத்தியத்துக்கான படிப்பு வேற.

அதனால சேர நினைக்கிறவங்களுக்கு என் ஓட்டு: தாராளமா சேருங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த வருஷம் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கான்னு பாருங்க. ஊக்கமா படிங்க. தூக்கம் இல்லாம, சாகணும்னு பேசுறவங்க யாராச்சும் வந்தா, உங்க எம்.ஏ.-வை மடிச்சு வச்சிட்டு அவங்களைக் கூட்டிக்கிட்டு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ் ஏறுங்க. தன்னை அறிஞ்சவனுக்கு முதல்ல தெரிய வேண்டியது தன்னால எது முடியாதுங்கிறதுதானே?