பழைய ஹைப்ரிட் டீ ரோஜா

சீனாவிலிருந்து வந்த டீ ரோஜாவையும் ஐரோப்பாவின் ஹைப்ரிட் பெர்பெச்சுவல் ரோஜாவையும் கலந்து பிறந்த கலப்பின ரோஜாக்களின் தொடக்ககால வகைகள். நீண்ட காம்பு, கூர்மொட்டு, ஆண்டில் பலமுறை பூக்கும் இயல்பு ஆகியவை இவற்றின் அடையாளம்.

பிரான்ஸின் லியோன் நகரத்து ரோஜா வளர்ப்பாளர் கியோ 1867இல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' இவ்வினத்தின் முதல் ரோஜாவாகக் கருதப்படுகிறது. வெள்ளி மினுங்கும் இளஞ்சிவப்பு இதழ்களின் வெளிப்புறம் சற்று அடர்ந்திருக்கும், மணமோ அபாரம். அமெரிக்க ரோஜா சங்கம் அந்த ஆண்டையே பழைய, நவீன ரோஜா இனங்களின் எல்லைக்கோடாகக் கொள்கிறது. பிரெஞ்சு ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-தூஷேயின் 'மேடம் கரோலின் டெஸ்டு' (1890), பிரிட்டனின் 'ஒஃபீலியா' (1912) ஆகியவையும் புகழ்பெற்றவை.

பூவின் நிறம் வெயிலுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். எனவே நிறத்தை மட்டும் நம்பி வகையை அடையாளம் காண்பது தவறு. முள்ளின் வடிவம், புல்லி இதழ், இளந்தளிரின் நிறம், மணம் ஆகியவற்றைப் பெயர் உறுதியான செடியோடு ஒப்பிட வேண்டும்.

நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் தேவை. மொட்டு ஒட்டு மூலமும் தண்டுக் குச்சி மூலமும் பெருக்கலாம். மொசைக் வைரஸ் ஒட்டின் வழியே பரவுவதால் நோயற்ற தாய்ச்செடியே ஏற்றது.

ஜெர்மனியின் சாங்கர்ஹவுசனில் 1903இல் திறக்கப்பட்ட ரோஜாத் தோட்டம் உலகின் மிகப் பெரிய ரோஜாத் தொகுப்புகளில் ஒன்று. விற்பனையிலிருந்து மறைந்த பல வகைகள் அங்கு உயிரோடுள்ளன.