முற்றத்தில் தோன்றிய பள்ளி

அங்கன்வாடி என்றவுடன் அரசினர் நடத்தும் குழந்தைகள் நிலையமே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அப்பெயரையும் முறையையும் படைத்தது அரசன்று, தனியார் தொண்டேயாகும்.

வழக்கறிஞர் தொழிலைத் துறந்து ஆசிரியரான கிஜுபாய் பதேகா, 1920-இல் குஜராத்திலுள்ள பாவநகரில் பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியை நிறுவினார். மாண்டிசோரி முறையோடு நம் நாட்டுக் கதைகளையும் பாடல்களையும் இணைத்தவர் அவர். 1939-இல் மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். முறை சிறந்ததுதான், ஆனால் அதற்குரிய மரக் கருவிகளின் விலை ஏழைகளுக்கு எட்டுவதாயில்லை.

கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோதக் இக்குறையை நீக்க முற்பட்டார். 1945-இல் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்திலுள்ள போர்டி கிராமத்தில், அனுதாய் வாக் அம்மையாரைத் துணைக்கொண்டு, பால்வாடி ஒன்றைத் தொடங்கினார். அழைத்தும் ஏழைக் குழந்தைகள் வரவில்லை. எனவே, பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்தைத் தேடிச் சென்றது. குழந்தைகளை நீராட்டித் தலைவாரிய பின்னரே அங்கே பாடம் தொடங்கும். சிப்பிகளும் விதைகளும் கூழாங்கற்களுமே கருவிகள். அங்கன் என்றால் முற்றம். பெயர் பிறந்த கதை இதுவே. 1957-இல் இப்பணி கோஸ்பாட் குன்றில் வாழும் வார்லி ஆதிவாசிகளிடையே தொடர்ந்தது.

அரசு அப்பெயரை ஏற்றுக்கொண்டது 1975 அக்டோபர் 2-ஆம் நாள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அன்று 33 இடங்களில் தொடங்கிற்று. அதன் ஆறு பணிகளில் முன்பருவக் கல்வி ஒன்றே ஒன்று. உணவு, தடுப்பூசி, மருத்துவச் சோதனை முதலியன ஏனையவை. பசித்த குழந்தைக்கு முதலில் சோறிட்டது முறையே என்போம். ஆனால் எடை பார்த்து, உணவளித்து, பதிவேடுகளையும் நிரப்பும் ஒரே பணியாளருக்குக் கதை சொல்ல நேரம் ஏது?

கட்டணப் பள்ளிகளின் குறை வேறு. அங்கே சோற்றுக் கவலை இல்லை. எழுத்துச் சுமை உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வாம்! மழலையர் பள்ளிச் சேர்க்கைக்கான இத்தகைய தேர்வுகளை ஒழிக்க வேண்டுமென 1993-இல் யஷ்பால் குழு பரிந்துரைத்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு, 14 வயது நிறையும் வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டுமென்றது. அது தொடக்க வயது எதனையும் குறிக்கவில்லை. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது, ஆறு முதல் பதினான்கு வயது வரை என எல்லை வகுத்தது. முற்றத்துக் குழந்தைகள் அவ்வெல்லைக்கு வெளியே, அரசு முயல வேண்டிய நெறிகளின் வரிசையிலேயே வைக்கப்பட்டனர்.