கற்பார்க்கு அளந்த நாழி

பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. ஆசிரியருக்கு இடர் வந்தவிடத்துத் துணைநின்று, வேண்டிய பொருளையும் வழங்கிக் கல்வியைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல அறிவுரைதான். ஆனால், வழங்குவதற்குப் பொருளே இல்லாதவன் என்ன செய்வான்? இவ்வினாவுக்கு அரசுகள் காலந்தோறும் அளித்த விடைகளைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

மாணவர்க்கு அரசு பொருளுதவி புரிவது புதிய வழக்கமன்று. விழுப்புரம் வட்டாரத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், அதாவது 11-ஆம் நூற்றாண்டில், அங்கே 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி ஒன்று நடந்ததை அவ்வூர்க் கல்வெட்டுக் கூறுகிறது. இளமாணவர் 270 பேருக்குத் தலைக்கு ஆறு நாழி நெல். மேற்படிப்புப் படித்த 70 பேருக்குத் தலைக்கு ஒரு குருணி இரண்டு நாழி. இந்த நெல் நாள்தோறும் அளக்கப்பட்டது. 'நாள்தோறும்' என்னும் சொல்லை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் திரும்பி வருவேன்.

எனினும் அக்கல்லூரியின் குறையையும் மறைத்தல் ஆகாது. வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் அங்கே பயிலப்பட்டன. வேதம் ஓதும் உரிமை உடையோர்க்கே அதன் கதவு திறந்தது. அந்நெல்லை விளைவித்த உழவனின் மகனுக்கு அங்கே இடமில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேறொரு வாதம் எழுந்தது. 1835-இல் மெக்காலே தம் குறிப்பில், ஆங்கிலம் படிப்போர் நமக்குப் பணம் தருகின்றனர். வடமொழியும் அரபும் படிப்போர்க்கோ நாம் பணம் தரவேண்டியிருக்கிறது. ஆகவே அப்படிப்புகளை மக்கள் விரும்பவில்லை என்று வாதிட்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதமே, அக்கல்லூரிகளில் இனிச் சேர்வோர்க்கு உபகாரச் சம்பளம் இல்லை என்று பெண்டிங் பிரபுவின் அரசு முடிவு செய்தது. பணம் கட்ட இயலாதவனைப் படிப்பில் விருப்பமில்லாதவன் என்று கொள்ளும் பிழை அன்று அரசின் கொள்கையாயிற்று. அப்பிழை இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை.

அதனைத் தம் வாழ்வாலேயே மறுத்தவர் டாக்டர் அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உபகாரச் சம்பளத்தைக் கொண்டே அவர் 1913-இல் நியூயார்க்கு சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் இலண்டனில் படித்துக்கொண்டிருக்கையில் உதவிக் காலம் முடிந்தது. 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. மீண்டும் இலண்டன் செல்வதற்கு 1920 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உதவி நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்பதைப் பட்டறிந்த அவர், வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு நிதி கேட்டு வாதாடினார். 1944-இல் அவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. எண்ணாயிரத்தில் அடைபட்டிருந்த கதவு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின்னர் திறந்தது என்று கூறலாம்.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? 1980-களில் நான் வாடிப்பட்டி வட்டாரத்தில் இளம் ஆசிரியனாக இருந்தேன். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசன வயல்களில் கூலிவேலை செய்த ஒருவரின் மகன் மேல்நிலைத் தேர்வில் நன்றாகத் தேறினான். தந்தை தயங்கினார். "உபகாரச் சம்பளம் வரும், அஞ்சாமல் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள்" என்றேன். "வாத்தியாரையா சொன்னால் சரி" என்று கடன் வாங்கிச் சேர்த்தார். ஆனி மாதம் விண்ணப்பம் போயிற்று. விடுதிச் சாப்பாட்டுப் பணம் மாதந்தோறும் ஏறியது. தை பிறந்தும் உதவித்தொகை வரவில்லை. பணம் வந்தது பங்குனியில். பையனோ அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். பேருந்து நிலையத்தில் என்னைக் கண்ட தந்தை, "உங்கள்மேல் குற்றமில்லை, வாத்தியாரையா" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

உதவித்தொகையின் பெருமை அதன் அளவில் மட்டும் இல்லை; உரிய நாளில் வந்து சேர்வதிலும் இருக்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். சோழர் காலத்துக் கல்வெட்டு 'நாள்தோறும்' என்று விதித்ததன் நுட்பமும் அப்போதுதான் விளங்கியது. பசி ஆண்டுக்கு ஒரு முறை வருவதன்று.

பிற்காலத்தில் இதை அரசுகளும் உணர்ந்து வந்திருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாயை வங்கிக் கணக்கிலேயே சேர்க்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கியது. மாதந்தோறும் என்ற அந்த ஒழுங்கில், நாழி அளந்த பழைய கை மீண்டும் தெரிகிறது. முன்பு சிலர்க்கு மட்டும் அளந்த நாழியை இப்போது உழவன் மகளுக்கும் அளக்கிறோம்.

இனி எஞ்சியிருப்பது நம் கடமை. ஊரில் எந்த வீட்டுப் பிள்ளையேனும் கல்லூரிக்குப் புறப்பட்டால், அப்பிள்ளையின் விண்ணப்பமும் சான்றிதழும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தனவா என்று கேட்பது படித்தவர் ஒவ்வொருவருக்கும் பொறுப்பாகும். நான் அன்று வாக்குக் கொடுத்ததோடு நின்றுவிட்டேன். நீங்கள் நின்றுவிடாதீர்கள்.