அடுக்களையும் ஜெபமும்: 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சீமையின் கிறித்தவப் பெண்கள்

பாளையங்கோட்டைத் திருச்சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேர் இடம்பெறுகின்றனர். அதில் முதலாவதாக நிற்பது குளோரிந்தா என்னும் பெண்ணின் பெயர். 1778இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற அவ்வம்மையாரின் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிட்டை செய்யப்பட்டது. இவ்வாறு ஒரு பெண்ணில் தொடங்கும் வரலாறு, பின்னர் மிஷனரிகள், உபதேசியார்கள், ஆலயங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பெண்கள் திருமுழுக்கு எண்ணிக்கையிலும் பள்ளி வருகையிலும் மட்டும் தலைகாட்டுகின்றனர். வீட்டினுள் நாள்தோறும் நிகழ்ந்த ஜெபம் யாருடைய பொறுப்பில் இருந்தது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

1799இல் உருவான முதலூர் தொடங்கி நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி முதலிய கிறித்தவக் குடியிருப்புகளில் ஊர்வழிபாடு ஜெபவீட்டில் உபதேசியாரின் தலைமையில் நடைபெற்றது. குடும்ப ஜெபத்துக்குத் தந்தையே தலைவர் என்பது திருச்சபை வகுத்த முறை. ஆனால் இவ்வூர்களின் பொருளியலோடு இம்முறையைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். பருவகாலத்தில் பனையேறுவோர் விடியுமுன் வீட்டை விட்டுச் சென்று மாலையில் மீண்டும் மரமேறுவர். பெண்களோ வீட்டையொட்டிய அடுப்பில் பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்ப்பர். காலையிலும் அந்தியிலும் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவர் தாயே. எனவே முறைப்படி தந்தைக்குரியதாகிய குடும்ப ஜெபம் நடைமுறையில் தாயின் அன்றாடக் கடமையாயிற்று எனக் கருத இடமுண்டு. இது நேரடிச் சான்றினால் அன்று, வாழ்க்கை ஒழுங்கிலிருந்து பெறப்படும் ஊகமே என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும்.

இக்கடமையோடு எழுத்தறிவும் இணைந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1819இல் தொடங்கிய பெண்கள் பள்ளியும், அவருடைய மகளும் கால்டுவெல்லின் துணைவியுமான எலைசா இடையன்குடியில் நடத்திய பள்ளியும், பெண்களுக்கு வாசிப்பையும் பின்னல் வேலையையும் ஒருங்கே கற்பித்தன. பள்ளி சென்ற மகள் வேதாகமத்தை வாசிக்க, எழுத்தறியாத தாய் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடமாகச் சொல்லும் வீடுகள் இதனால் உருவாயின. வாசிக்கும் தலைமுறையும் மனனம் செய்த தலைமுறையும் ஒரே பாயில் அமர்ந்த அக்காலம் தனியே ஆராயத்தக்கது. பெண் எழுத்தும் இச்சூழலிலிருந்தே முளைத்தது. ஜான் தேவசகாயம் ஐயரின் மகளான அன்னா சத்தியநாதன் தாய்மார்க்கென ‘நல்ல தாய்’ என்னும் நூலை எழுதினார்.

வாசிப்பினும் மனனத்தினும் நுட்பமானது, அவரவர் சொந்த வார்த்தையில் செய்யும் ஜெபம். மாமியார் முன்னும் கணவன் முன்னும் வாய்திறக்கக் கூச்சப்பட்ட மருமகள், கண்மூடி முழந்தாளிட்ட நிலையில் கடனையும் பிள்ளையின் காய்ச்சலையும் கணவனின் குடியையும் வாய்விட்டுச் சொல்லலாம். முறையீடு கடவுளை நோக்கியது. ஆயினும் அருகிருப்போர் செவியிலும் அது விழுந்தே தீரும். நேரில் சொன்னால் எதிர்ப்பேச்சு எனப்படுவது ஜெபத்தில் சொல்லப்படும்போது இடைமறிக்க முடியாததாகிறது. பக்தி பற்றிய ஆய்வுகள் இதனை வெறும் ஆன்மிகச் செயலாக மட்டும் காண்பது போதாது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

தென்மாவட்டச் சபைகளில் வழங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை ஜெபத்தை நேரே அடுப்படிக்குக் கொண்டுவந்தது. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை ஜெபித்து ஒதுக்கி, சேர்ந்ததை ஆலயத்துக்கு அளிப்பது வழக்கம். மிசோரம் திருச்சபைப் பெண்களிடையே 1910 முதல் வேரூன்றிய கைப்பிடி அரிசி முறை இதனோடு ஒப்பிடத்தக்கது. கையில் காசு புழங்காத பெண் தன் பெயரால் கொடுக்கக்கூடிய பொருள் அரிசியே. வீட்டார் தட்டில் குறைந்த அந்தப் பிடி பெரும்பாலும் அவள் பங்கிலிருந்தே குறைந்திருக்கும் என்பதையும் மறத்தற்கில்லை.

ஜெபமணி, ஜெபக்கனி, ஜெபராஜ் போன்ற பெயர்களும் சான்றுகளே. பிள்ளைக்காக நெடுநாள் வேண்டிப் பெற்ற தாய், விவிலிய அன்னாளை நினைந்து மகனுக்குச் சாமுவேல் எனப் பெயரிடுவதும் உண்டு. அந்த அன்னாளின் உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்தவள் என எண்ணினான். நிறுவன ஆவணங்கள் பெண்களின் ஜெபத்தை எதிர்கொண்ட விதமும் ஏறக்குறைய இதுவே.

எனினும் ஜெபம் பெண்ணுக்கு எப்போதும் வலிமையாகவே அமைந்தது எனக் கூறவியலாது. அடிபட்டு வந்த பெண்ணிடம் ‘பொறுத்துக்கொள், ஜெபம்பண்ணு’ என்று சொல்லி அனுப்புவது இன்றும் ஊர்களில் காணப்படுவது. அங்கு ஜெபம் முறையீட்டை முடித்துவைக்கும் கருவியாகிறது. மருமகளுக்கு வாய் கொடுத்ததும் அடிபட்டவளின் வாயை அடைத்ததும் ஒரே ஜெபமே. எந்த வீட்டில், எந்தச் சூழலில் எது நிகழ்ந்தது என்பதை அறியத் திருச்சபை அறிக்கைகள் துணைசெய்யா.

துணைசெய்யக்கூடியவை குடும்ப வேதாகமங்கள். அவற்றின் முன்பின் வெற்றுத்தாள்களில் பிறப்பு, இறப்பு, திருமண நாள்களோடு நோய் நீங்கிய நாளையும் ஜெபம் கேட்கப்பட்ட நாளையும் குறித்துவைத்த வீடுகள் உண்டு. பழைய வீடுகள் இடிக்கப்பட்டுப் பிரதிகள் மாற்றப்படும் இந்நாளில், ஆவணக்காப்பகங்களுக்குச் செல்லும் ஆய்வாளர் முதலில் தம் பாட்டிமாரின் பெட்டிகளைத் திறந்து பார்த்தல் நன்று.