வேகம் வேறு, தூரம் வேறு

கடலூரிலிருந்து வந்த என் அத்தை, சிதம்பரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தாளை நீட்டினார். மார்பிலிருந்த சிறு கட்டியை அகற்றிய பின் வந்த பரிசோதனை முடிவு அது. "கிரேடு 3னு போட்டிருக்கு தம்பி. முத்திப்போச்சுன்னு அர்த்தமா?" என்றார். நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆனால் அத்தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை நீங்களும் அறிவது நல்லது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அன்று இத்தாளின் பல வரிகள் பிறக்கவே இல்லை.

1957இல் இங்கிலாந்தில் புளூம், ரிச்சர்ட்சன் என்போர் கிரேடு முறையை வகுத்தனர். உயிரணுக்கள் குழாய் வடிவில் அமைந்துள்ளனவா, உட்கருக்கள் எவ்வளவு மாறியுள்ளன, எத்தனை உயிரணுக்கள் பிளவுபடுகின்றன? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 8 அல்லது 9 ஆனால் கிரேடு 3. ஸ்டேஜ் என்பதோ கட்டியின் அளவையும் நோய் பரவிய எல்லையையும் குறிப்பது. வேகமும் கடந்த தூரமும் ஒன்றல்ல அன்றோ?

ஈ.ஆர். என்ற வரி நம் இயற்பியலுக்கும் கடன்பட்டது. 1950களின் இறுதியில் சிகாகோவில் ஜென்சன் என்பவர், கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைச் செலுத்தி, எத்திசுக்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன என்று கண்டார். கட்டியில் அவ்வாறு பற்றும் ஏற்பிகள் இருந்தால், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் பயன்தரும்.

சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கிய 1985இலேயே, அமெரிக்காவில் ஃபிஷர் குழுவினரின் ஆய்வு முடிவு வெளிவந்தது. தொடக்க நிலையில் மார்பகம் முழுவதையும் நீக்காமல், கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும் உயிர்வாழ்வோர் விகிதம் குறையவில்லை. ஆனால் வெட்டிய விளிம்பில் நோய் இருத்தலாகாது. அதனால்தான் அகற்றிய துண்டின் புறப்பரப்பில் மை பூசிப் பார்க்கிறார்கள். மையைப் புற்றணு தொட்டால், உள்ளே மிச்சம் இருக்கக்கூடும்.

அத்தையின் தாளை மீண்டும் படித்தேன். கட்டி 1.4 செ.மீ.; அக்குள் நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை; விளிம்பு சுத்தம்; ஈ.ஆர். உண்டு. "வேகம் அதிகந்தான் அத்தை. ஆனா ரொம்ப தூரம் போகலை" என்றேன்.

மறுநாள் அவர் மருத்துவரிடம் சென்றபோது, கேட்க வேண்டியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துச் சென்றார்.