வீதியிலிருந்து வளவுக்கு: கையால் செய்த ஹலோவீனின் கதை

அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு மேயோ மாவட்டத்தில் ஒரு கிளை இருக்கிறது. நாட்டுப்புற வாழ்க்கைக்கென்றே ஒதுக்கிய கிளை. அங்குள்ள பொருட்களில் ஒன்று ஒரு முகம். குழிவிழுந்த கண், சுருங்கிய கன்னம், இடைவெளிவிட்ட பல்லு. படத்தில் முதல்தரம் பார்க்கிற ஆள், ஆரோ செத்த மனிசரின்ர தலை எண்டுதான் நினைக்கும். உண்மையில் அது டேர்னிப். நோக்கோல் மாதிரி உருண்டையான, ஆனால் வேரில் திரளுகிற மரக்கறி. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு டேர்னிப்பின் பிளாஸ்ரர் அச்சு. டொனகோல் மாவட்டத்தின் ஃபின்டவுன் என்ற ஊரிலிருந்து 1943இல் ஒரு ஆசிரியை அந்த விளக்கை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மரக்கறி எத்தனை நாளைக்குத் தாங்கும்? முழுதாக உக்கிப்போக முதல் அச்செடுத்து வைத்தார்கள்.

ஹலோவீனுக்கு வீட்டிலும் வளவிலும் கையால் செய்யும் அலங்காரங்களின் வரலாற்றைத் தேடினால் இந்தச் சிக்கல்தான் முதலில் முன்னால் வந்து நிற்கும். கையால் செய்தவை உக்கிவிட்டன, எரிந்துவிட்டன, அடுத்தநாள் குப்பைக்குப் போய்விட்டன. கடையில் விற்றவை மிஞ்சியிருக்கின்றன. அப்படியென்றால் இந்தக் கதையை எங்களுக்கு யார் சொல்கிறார்கள்?

இரண்டாயிரம் வருசமா?

ஒக்ரோபர் கடைசியில் எங்கட போன்களுக்குள்ளும் "2,000 வருசப் பழமையான கெல்ரிக் பண்டிகை" என்று வீடியோக்கள் வரும். அதில் பாதிதான் சரி. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற சவ்வின் என்ற திருநாள் மத்தியகால ஐரிஷ் இலக்கியத்தில் வருகிறது. 9ஆம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபையில் சகல புனிதர்களின் திருநாள் நவம்பர் 1இல் நிலைபெற்றது. அதற்கு முந்திய இரவு என்பதுதான் ஹலோவீன் என்ற பெயரின் பொருள்.

ஆனால் கிறிஸ்தவத்துக்கு முந்திய காலத்தில் அந்த இரவில் என்ன செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. ஆண்டுச் சடங்குகள் பற்றி 1996இல் பெரிய நூலொன்றை எழுதிய பிரித்தானிய வரலாற்றாசிரியர் றொனால்ட் ஹட்டன் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார். ட்ரூயிட் பூசாரிகள் இருந்து டேர்னிப் செதுக்கினார்கள் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. ஹலோவீனுக்கு முகம் செதுக்கிய விளக்குகள் பற்றிய தெளிவான குறிப்புகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கின்றன. இரண்டாயிரம் வருசம் இருநூறாகச் சுருங்குகிறது. இருநூறும் சின்ன வயசில்லைத்தான்.

வீதி பெடியளின் கையில்

அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அந்த விளக்குகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெடியள். பச்சை டேர்னிப் லேசில் வெட்டுப்படாது. மேல்பக்கத்தைச் சீவி, கத்தியாலும் கரண்டியாலும் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுக்க வேண்டும். கண், மூக்கு, வாய் வெட்டி, உள்ளே ஒரு மெழுகுதிரித் துண்டு. கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போகலாம், படலைத் தூணில் வைக்கலாம். இங்கிலாந்தின் சமர்செற் பக்கத்தில் மாட்டுக்குப் போடுகிற பெரிய பீற்றூட் வகையில் இதையே செய்தார்கள். செலவில்லை. தோட்டத்தில் விளைந்ததும் வீட்டில் மிஞ்சிய மெழுகுதிரியும் போதும்.

நோக்கம் அயலாரை வெருட்டுவது. அந்த ஒரு இரவுக்கு வீதி பெடியளுடையது. படலைகளைக் கழற்றி ஒளிப்பது, வண்டிலைக் கழற்றிக் கொட்டில் கூரைக்கு ஏற்றி அங்கேயே திரும்பப் பூட்டுவது, புகைபோக்கியை அடைப்பது எல்லாம் நடந்தன. விடிந்தால் ஊரே திட்டும். ஆனால் அது பேய்களின்ர வேலை என்று சொல்லித் தப்ப ஒரு வழியும் இருந்தது.

"ஜக் ஓ லான்ரன்" என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். சாத்தானை ஏமாற்றிய ஜக் என்ற கஞ்சன் செத்தபிறகு மோட்சமும் கிடைக்காமல் நரகமும் கிடைக்காமல், டேர்னிப்புக்குள் ஒரு தணலை வைத்துக்கொண்டு அலைகிறானாம். நல்ல கதை. ஆனால் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தச் சொல் விளக்கோடு திரியும் இரவுக் காவலாளையும், சதுப்பு நிலத்தில் மினுங்கும் கொள்ளிவாய்ப் பிசாசு வெளிச்சத்தையும்தான் குறித்தது. மரக்கறி விளக்குக்கு அந்தப் பெயர் பேந்துதான் வந்து ஒட்டியது.

கடல் கடந்ததும் பூசணிக்காய்

1845 தொடக்கம் 1852 வரை அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் தின்றது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் செத்தார்கள். அதைவிடக் கூடப்பேர் கப்பலேறினார்கள். அவர்களோடும், ஸ்கொட்லாந்திலிருந்து போனவர்களோடும் ஹலோவீன் வட அமெரிக்காவுக்குப் போனது.

அங்கே பூசணிக்காய் இருந்தது. பூசணி அமெரிக்க மண்ணின் பயிர். பெரிசு, தோண்ட லேசு, உள்ளே ஏற்கெனவே பாதி வெறுமை. பூசணியில் முகம் வெட்டி மெழுகுதிரி வைப்பது அமெரிக்கச் சிறுவர்களுக்குப் பழகிய விளையாட்டு. ஜோன் கிறீன்லீஃப் விற்றியர் 1850இல் வெளியிட்ட பூசணிக்காய் பற்றிய கவிதையில் அது ஒரு சின்ன வயசு ஞாபகமாக வருகிறது. கவனிக்க வேண்டியது, அந்தக் கவிதை நன்றி தெரிவிக்கும் நாளைப் பற்றியது, ஹலோவீனைப் பற்றியதல்ல. அறுவடைக் காலத்து விளையாட்டும் குடியேறிகளின் இரவும் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் ஒன்றாகச் சேர்ந்தன. இன்று "ஆதிப் பாரம்பரியம்" என்று நினைக்கிற செம்மஞ்சள் முகம், அகதிகளும் குடியேறிகளும் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்த மாற்று ஏற்பாடு.

வீட்டு அறை, கிறேப் பேப்பர், கொம்பனி

நகரங்கள் பெருக, பெடியளின் குழப்படியைப் பொறுக்கும் மனமும் குறைந்தது. பிள்ளைகளை வீதியிலிருந்து உள்ளே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் நடுத்தர வர்க்க அமெரிக்கக் குடும்பங்களில் பலமானது. வழி: வீட்டில் விருந்து. 1898இல் மார்த்தா றஸ்ஸல் ஓர்ன் என்பவர் ஹலோவீனை எப்படிக் கொண்டாடுவது என்று ஒரு சிறுநூலே போட்டார். அலங்காரம் இப்போது அறைக்குள் வந்துவிட்டது. செய்கிற கையும் மாறியது. பெடியளின் பேனாக்கத்தி போய், அம்மாக்களின் கத்தரிக்கோல் வந்தது.

இந்த இடத்தில்தான் மசசூசெற்ஸின் டெனிசன் கொம்பனி உள்ளே வருகிறது. நகைப்பெட்டி செய்யத் தொடங்கிப் பிறகு கடதாசி வியாபாரத்தில் வளர்ந்த கொம்பனி. அவர்களின் முக்கிய சரக்குகளில் ஒன்று கிறேப் பேப்பர், எங்கட பள்ளிக்கூட விழாக்களில் மேடை சோடிக்கச் சுருக்குச் சுருக்காக வெட்டுகிறோமே, அதேதான். 1909இல் "போகி புக்" என்று ஒரு ஹலோவீன் கைநூலை வெளியிட்டார்கள். 1912 தொடக்கம் 1930களின் நடுப்பகுதிவரை அது ஏறத்தாழ ஒவ்வொரு வருசமும் வந்தது. யன்னலுக்குக் கறுப்புப் பூனை, மேசைக்கு வௌவால், கதவுக்குச் சூனியக்காரி, பிள்ளைக்கு உடுப்பு, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது எப்படி என்று படத்தோடு விளக்கம். ஆனால் செய்வதற்கு வேண்டிய கடதாசியை அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டித்தனமான வியாபாரம். "கையால் செய்தது" என்பதையே அவர்கள் விற்றார்கள். செம்மஞ்சளும் கறுப்பும் என்ற சோடியை வீடுவீடாகக் கொண்டுபோனதில் இந்தக் கடதாசிக்குப் பெரிய பங்கு உண்டு. பென்சில்வேனியாவின் பைசில் கொம்பனி 1920களில் மட்டையில் அச்சடித்த பூனைகள், எலும்புக்கூடுகளோடு களத்தில் இறங்கியது. அதற்குக் கத்தரிக்கோலும் தேவையில்லை.

இரவு யாருக்கு?

பெடியள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. மினசோட்டாவின் அனோக்கா நகரம் 1920இல் பெரிய ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்ததே, அந்த இரவில் ஊர் மாடுகளை அவிழ்த்துவிடும் வேலையை நிற்பாட்டத்தான். 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் குழப்படி சேதமாக மாறியது. கண்ணாடி உடைந்தது, காரின் ரயர் காற்றுப் போனது. அந்தக் காலத்துக் கைநூல்கள் பெற்றாருக்கு ஒரு யோசனை சொன்னன: நிலக்கீழ் அறையை இருட்டாக்கி, சுவரில் பச்சை ஈரல் துண்டுகளையும் பழைய மயிர்த்தோலையும் தொங்கவிட்டு, தட்டித்தடவிப் போகிற "பயங்கரப் பாதை" ஒன்று செய்யுங்கள், அயல் பிள்ளைகள் உங்கள் வீட்டுக்குள்ளேயே பயப்படட்டும். வெருட்டுகிறவர்களாக இருந்த பிள்ளைகள் வெருளுகிறவர்களாக மாறினார்கள்.

போர்க்காலத்தில் கதை இன்னும் இறுகியது. 1942இல் சிக்காகோ மாநகரசபை ஹலோவீனையே ஒழித்து, அந்த நாளைச் சிக்கன நாளாக்க வாக்களித்தது. 1950இல் அமெரிக்க செனற்றின் நீதித்துறைக் குழு அதை "இளையோர் மதிப்பு நாள்" ஆக்கலாம் என்று சிபாரிசு செய்தது. இரண்டும் நிலைக்கவில்லை. இளையோருக்கு மதிப்பு என்று பெயர் வைத்தாலும், எடுக்கப் பார்த்தது அவர்களிடம் இருந்த ஒரே ஒரு இரவைத்தான்.

வளவு ஒரு அழைப்பிதழ்

சட்டத்தால் முடியாததை இனிப்பு செய்தது. "தாறீங்களா, குழப்படி செய்யட்டா" என்று பிள்ளைகள் கதவைத் தட்டும் வழக்கம் 1920களிலேயே கனடாவின் மேற்குப் பகுதிப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் சீனிப் பங்கீடு 1942 தொடக்கம் 1947 வரை இருந்தது. அது முடிந்ததும் இந்த வழக்கம் புதிய புறநகர்க் குடியிருப்புகள் எல்லாம் பரவியது.

அதோடு அலங்காரம் இரண்டாவது தடவையாக இடம் மாறியது. வீதியிலிருந்து அறைக்குப் போனது, இப்போது வாசலுக்கும் வளவுக்கும் வந்தது. இந்தத் தடவை அதன் பொருளும் மாறியது. படியில் எரிகிற பூசணியும் வாசல் வெளிச்சமும் "இந்த வீட்டைத் தட்டலாம்" என்ற சைகை. பயங்கரமாகச் சோடித்த வளவுதான் பிள்ளைகளுக்கு ஆகவும் பாதுகாப்பான வளவு. பழைய படுக்கை விரிப்பில் பேய், கிழிந்த சேட்டும் காற்சட்டையும் உள்ளே வைக்கோலும் அடைத்த வெருளி, கட்டிச் சாத்திய சோளத்தட்டை, மட்டையில் வெட்டிச் சாம்பல் நிறம் பூசிய கல்லறைப் பலகை. இவை எல்லாம் வீட்டில் கிடந்த சாமானிலிருந்து வந்தவை. டேர்னிப்பைத் தோண்டிய கையின் புத்திதான் இது.

பிறகு பிளாஸ்ரிக் வந்தது. ஹோம் டிப்போ கடைகள் 2020இல் 12 அடி உயர எலும்புக்கூடு ஒன்றை 299 டொலருக்கு விற்பனைக்கு விட்டன. டேர்னிப் ஒரு கிழமையில் உக்கிவிடும். இந்த எலும்புக்கூட்டை வருசம் முழுக்க எங்கே வைப்பது என்பதே பலருக்குத் தலையிடி.

எது மிஞ்சும்?

இன்று டெனிசனின் கைநூல்களைச் சேகரிப்பவர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். பைசிலின் மட்டைப் பூனைகளும் அப்படித்தான். அவற்றைப் பார்த்துத்தான் "அந்தக்காலத்து வீடுகள் இப்படித்தான் இருந்தன" என்று நாங்கள் எழுதுகிறோம். ஆனால் அவை சொல்வது கொம்பனி எதை விற்க விரும்பியது என்பதை. வாங்கக் காசில்லாத வீட்டில் பழைய பத்திரிகையை வெட்டி ஒட்டிய பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பெடியள் எத்தனை ஆயிரம் டேர்னிப்களைத் தோண்டியிருப்பார்கள்! பலரும் பார்க்கக் கிடைப்பது ஒன்றிரண்டு, அதுவும் ஒரு ஆசிரியை கொண்டுபோய்க் கொடுத்ததால்.

ஆகவே "பழைய பாரம்பரியம்" என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கோ. இந்தப் பொருளை யார் செய்தது? இதைப் பற்றி எங்களுக்குச் சொல்பவர் யார், விற்றவரா, செய்தவரா? எந்த ஊர்ப் பண்டிகைக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

அடுத்ததரம் நீங்களோ உங்கள் தம்பி தங்கச்சியோ எந்த விழாவுக்காவது கையால் ஒரு சாமான் செய்தால், கழற்றி எறிய முதல் ஒரு படம் எடுங்கோ. பக்கத்தில் நாலு வரி எழுதுங்கோ: ஆர் செய்தது, எதால் செய்தது, எந்த வருசம், பசைக்கு என்ன பாவிச்சது. நூறு வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் எங்களைப் பற்றித் தேடும்போது, அவருக்குக் கடைப்பட்டியல் மட்டும் கிடைக்கக் கூடாது.