வீட்டுக் கணினிக்கு எந்தப் பாட்டு மென்பொருள்? பழைய ஒலிப்பதிவுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தியும் பாட்டும் கேட்ட தலைமுறை ஒன்று எம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தத் தலைமுறையிடம் எஞ்சியிருக்கும் ஒலிநாடாக்களும் இறுவட்டுகளும் பழைய கைத்தொலைபேசிப் பதிவுகளும் இப்போது மெல்ல மெல்லக் கணினிக்கு வருகின்றன. அவற்றை எந்த மென்பொருளில் போட்டுக் கேட்பது என்பது சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் பிழையான மென்பொருள் ஒரு கோப்பை இடம் மாற்றிவிடும், பெயரைக் குழப்பிவிடும், அல்லது நல்ல கோப்பையே "பழுது" என்று நினைக்க வைத்துவிடும்.

புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள தட்டச்சு, போட்டோகொப்பிக் கடைகளில் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். வழக்குகளுக்காக வடக்கிலிருந்து வருபவர்கள், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருப்பவர்கள் ஆவணங்களைப் பிரதி எடுக்க வரும்போது பென்டிரைவையோ மெமரி கார்ட்டையோ நீட்டுவதும் உண்டு. ஒருமுறை ஒரு தாய் சொன்னார்: "தம்பி, இதில என்ர மகன்ர குரல் இருக்கு. வேற கடையில பழுதாப் போச்செண்டு சொல்லீட்டினம்." கோப்பில் பழுது எதுவும் இருக்கவில்லை. அது பழைய கைத்தொலைபேசிகள் குரலைப் பதியும் ஏ.எம்.ஆர். வகைக் கோப்பு. அந்தக் கணினியில் இருந்த மென்பொருளுக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். விஎல்சியில் போட்டதும் பேசியது.

ஆகவே ஒரு கோப்பு பாடவில்லை என்பதற்காக அதை அழிக்காதீர்கள். முதலில் வேறொரு மென்பொருளில் போட்டுப் பாருங்கள்.

எதைப் பார்த்துத் தெரிவுசெய்வது?

அழகான தோற்றத்தையோ வண்ண விளக்குகளையோ பார்க்க வேண்டாம். என் அனுபவத்தில் ஐந்து கேள்விகள் போதும்.

1. இணைய இணைப்பும் கணக்கும் இல்லாமல் வேலை செய்கிறதா?
2. நாம் கேட்காமல் எமது கோப்புகளை இடம் மாற்றாமலும் பெயர் மாற்றாமலும் இருக்கிறதா?
3. தமிழில் எழுதிய பாட்டுப் பெயர்களைச் சரியாகக் காட்டுகிறதா?
4. பழைய, அரிய வகைக் கோப்புகளையும் திறக்கிறதா?
5. பழைய கணினியிலும் தடுமாறாமல் ஓடுகிறதா?

இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவைகளில் திரைப்பாடல்கள் ஏராளம். ஆனால் உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் யாரோ பதிந்த நாதஸ்வரக் கச்சேரியும், வெளிநாட்டிலிருந்து மாமா பேசி அனுப்பிய கசெட்டும் அங்கே வராது. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை இன்றும் கேட்க முடிகிறது என்றால், அன்று யாரோ பதிந்ததாலும் பிறகு யாரோ பாதுகாத்ததாலும்தான்.

இலவசத்தில் இரண்டு வகை

காசு கொடுக்காமல் பாவிக்கக்கூடியது ஒரு வகை. அதன் மூலநிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாகத் திறந்து வைத்திருப்பது இன்னொரு வகை. இதைக் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். முதல் வகையில் உரிமையாளர் கைவிட்டால் மென்பொருளும் நின்றுபோகலாம். இரண்டாவது வகையை வேறு யாராவது தொடர்ந்து வளர்க்க வழியுண்டு.

இதற்கு நல்ல உதாரணம் விண்அம்ப். 1997இல் வெளிவந்த இந்த மென்பொருள் ஒரு காலத்தில் கொழும்பின் நெற் கஃபேக்களில் எல்லாம் இருந்தது. 1999இல் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் அதை வாங்கியது. 2013 இறுதியில் அதை மூடப்போவதாக அறிவித்தது. 2014 ஜனவரியில் அது வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது.  பாட்டுகளைக் கோப்புகளாக ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கு எதுவும் போகவில்லை. ஆகவே உங்கள் சேகரிப்பின் ஒழுங்கு மென்பொருளுக்குள் இருக்கக்கூடாது. கோப்புறைகளிலும் கோப்புப் பெயர்களிலும் இருக்க வேண்டும்.

மென்பொருட்கள் ஒவ்வொன்றாக

விஎல்சி: பிரான்ஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாக 1996இல் தொடங்கியது. 2001இலிருந்து கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. கோப்புகளைத் திறக்கத் தேவையானவற்றைத் தனக்குள்ளேயே கொண்டிருப்பதால் எம்பி3, ஏ.எம்.ஆர்., வட்ஸ்அப் குரல் பதிவு, பழைய வீடியோ சீ.டீ.க்களில் இருக்கும் டி.ஏ.ரி. கோப்பு என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திறக்கும். தெளிவில்லாத பேச்சை வேகம் குறைத்துக் கேட்கலாம். ஒருவர் என்ன சொன்னார் என்று எழுதி எடுக்க வேண்டியவர்களுக்கு இது பேருதவி. குறை என்னவென்றால் ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பாடகர், ஆண்டு என்று வகைப்படுத்திப் பார்க்க இது வசதியானதல்ல.

ஃபூபார்2000: 2002இல் வந்தது. இலவசம், ஆனால் மூலநிரல் திறந்ததல்ல. தோற்றம் வெறுமையாக இருக்கும். பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். ஒரு பதிவு பெரிதாகவும் இன்னொன்று மெல்லியதாகவும் கேட்கும் தொல்லையை, ஒலியை மாற்றாமல் சத்த அளவை மட்டும் குறித்து வைத்துச் சமப்படுத்தும் வசதி இதில் உண்டு. கச்சேரி பல துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தால் இடைவெளி விழாமல் தொடர்ந்து வாசிக்கும். கோப்புகள் பழுதடைந்துள்ளனவா என்று சோதிக்கும் துணைப்பகுதியும் கிடைக்கிறது.

மியூசிக்பீ: விண்டோஸ் கணினிகளுக்கானது, இலவசம். பெரிய சேகரிப்பை அட்டைப்படம், பாடகர், ஆண்டு என்று ஒழுங்குபடுத்த இதுதான் வசதி. ஆனால் கோப்புகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஒரு தெரிவு இதில் இருக்கிறது. அது என்ன செய்யும் என்று தெரியாமல் அதை இயக்க வேண்டாம். கோப்புகள் வேறு கோப்புறைகளுக்குப் போய்விடும்.

எய்ம்ப்: ரஷ்யாவில் உருவானது, இலவசம். விண்அம்ப் பழகியவர்களுக்கு உடனே கைவரும். ஒலியின் உயர்ந்த, தாழ்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி விரிவாக இருப்பதால் பழைய ஒலிநாடாவின் இரைச்சலைக் கேட்கும்போது ஓரளவு தணிக்கலாம்.

விண்டோஸுடன் வருவது: சாதாரண எம்பி3க்குப் போதும். ஆனால் பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் இறுவட்டுகளைப் பிரதி எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் "பிரதிப் பாதுகாப்பு" என்ற தெரிவு போடப்பட்டிருந்தால் அந்தக் கோப்புகள் வேறு கணினியில் பாடாது. இறுவட்டு இன்னும் கையில் இருந்தால் அதை எறியாமல் திரும்பவும் பிரதி எடுங்கள்.

அப்பிளின் ஐடியூன்ஸ்: அதன் ஒழுங்குபடுத்தும் தெரிவு போடப்பட்டிருந்தால் கோப்புகளைத் தன் கோப்புறைக்குள் இடம் மாற்றிப் பெயரும் மாற்றும். பழைய பதிவுகளை வைத்திருப்பவர்கள் சேர்ப்பதற்கு முன் அந்தத் தெரிவை நீக்கிவிட வேண்டும்.

லினக்ஸ்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்காது. அவற்றை வீசாமல் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போட்டுப் பாட்டுப் பெட்டியாக வைத்திருக்கலாம். லினக்ஸ் மின்டில் ரிதம்பொக்ஸ் சேர்ந்தே வரும். இன்னும் இலகுவானது வேண்டுமானால் ஓடாசியஸ் இருக்கிறது. விஎல்சியும் ஓடும்.

தமிழ்ப் பெயர்கள் ஏன் குழம்புகின்றன?

எம்மவர்கள் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். பாமினியில் கணினி சேமிப்பது தமிழ் எழுத்தையல்ல, ஆங்கில எழுத்துகளையும் குறியீடுகளையும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது. பாட்டு மென்பொருளில் அந்த எழுத்துரு இல்லை. ஆகவே "அம்மா" என்று எழுதியது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த புதிராகத் தெரியும். அது வைரஸ் அல்ல, கோப்பும் பழுதல்ல. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றிகளில் அந்தப் புதிரை ஒட்டினால் தமிழ் திரும்பி வரும். பிறகு மியூசிக்பீயிலோ எம்பி3டாக் என்ற இலவச மென்பொருளிலோ சரியான பெயரை யூனிகோட்டில் எழுதிச் சேமியுங்கள்.

எம்பி3 கோப்பின் விபரக்குறிப்பில் பழைய முறை, புதிய முறை என இரண்டு உண்டு. பழைய முறையில் தலைப்புக்கு 30 இடங்களே இருக்கும், தமிழும் நிற்காது. புதிய முறையில் தமிழ் நிற்கும். பெயரோடு, யார் பேசுகிறார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் பதிந்தது என்பதையும் எழுதுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

ஒலிநாடாவைக் கணினிக்குக் கொண்டுவர

கசெட் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வயர் போதும். மடிக்கணினியில் ஒரே துளைதான் என்றால் யூ.எஸ்.பி. ஒலி அடப்டர் ஒன்று வேண்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். பதிவதற்கு ஓடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. நீண்ட காலம் கிடந்த நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் ஓடவிட்ட பிறகே பதியுங்கள். பதிவு அளவு சிவப்பைத் தொடக்கூடாது.

இறுவட்டுத் தரத்தில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 10 எம்.பி. வரும். 60 நிமிட ஒலிநாடா ஒன்று 600 எம்.பி.க்குச் சற்று அதிகம். ஃபிளாக் வடிவில் சேமித்தால் தரம் குறையாமல் அளவு பாதியளவுக்கு இறங்கும். 128 கே.பி. எம்பி3 என்றால் ஏறத்தாழ 60 எம்.பி.தான், ஆனால் ஒலியின் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். ஃபிளாக்கை மூலப்பிரதியாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் எம்பி3 எடுங்கள். இரைச்சல் நீக்குவதையும் பிரதியில் மட்டுமே செய்யுங்கள். பின்னணியில் கேட்கும் சேவல் கூவலும் கோயில் மணியும் சிலருக்கு அந்தப் பதிவின் பெறுமதியாக இருக்கலாம்.

தரவிறக்கமும் தனிமையும்

மென்பொருளை அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தையும், பெரிய பச்சைப் பொத்தான் காட்டும் இடைத்தரகர் தளங்களையும் தவிருங்கள். காசு கேட்டால் அது உண்மையான விஎல்சி அல்ல. நிறுவும்போது வேறு ஏதாவது சேர்த்துப் போடவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சோதனைச் சாவடிகளின் காலத்தில் ஒரு பாட்டுக் கசெட்டை வைத்திருப்பதற்கே பயந்தவர்கள் எங்களில் உண்டு. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பலர் பாவிக்கும் கணினி என்றால், அண்மையில் கேட்டவற்றை விஎல்சி நினைவில் வைத்திருக்கும் என்பதை அறிந்திருங்கள். அதன் அமைப்புகளில் இதை நிறுத்தலாம். முதல்முறை திறக்கும்போது கோப்பின் விபரங்களை இணையத்தில் தேடவா என்றும் கேட்கும். குடும்பப் பதிவுகள் இருக்கும் கணினியில் அதை நீக்கிவிடுவது நல்லது.

என் பரிந்துரை

எல்லோருக்கும் விஎல்சி. பாட்டுகள் சில நூறைத் தாண்டினால் அதோடு ஃபூபார்2000 அல்லது மியூசிக்பீ. ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பதில் எந்தத் தடையும் இல்லை. எதைப் போடுவதற்கு முன்னும் முழுக் கோப்புறையையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். பத்திரமாக இருக்கிறது என்று இறுவட்டுகளை நம்ப வேண்டாம், அவை காலப்போக்கில் படிக்க முடியாமல் போகும். ஊருக்கும் சமூகத்துக்கும் பொதுவான பதிவுகள் இருந்தால், 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் ஒலிப்பதிவுகளையும் சேகரிக்கிறது. கொடுப்பதற்கு முன் அந்தப் பதிவில் பேசுபவரிடம் அல்லது அவருடைய குடும்பத்தினரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.